பள்ளிக்கூடத்துத் துடைப்பமும் கரண்டியும்

(கல்வி நிலையங்களின் கடைநிலை ஊழியர்கள் பற்றிய ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கல்வி பற்றி நம்ம கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். பாடத்திட்டம், இட ஒதுக்கீடு, ஆதிதிராவிடர் நல விடுதியில் போடுற சோறு, வகுப்பில் சாதி பார்க்கிற வாத்தியார், எல்லாம் பேசியாச்சு. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் வாத்தியாரும் பிள்ளைகளும் மட்டும் இல்லை. காலையில் கேட்டைத் திறக்கிறவர், பெருக்குகிறவர், கக்கூசு கழுவுகிறவர், உலை வைக்கிறவர், மணி அடிக்கிறவர், ராத்திரி காவல் இருக்கிறவர், இவங்களும் சேர்ந்ததுதான் பள்ளிக்கூடம். அரசாங்கம் இவங்களுக்கு வச்சிருக்கிற பேரு கடைநிலை ஊழியர். அந்தச் சொல்லைக் கண்டுபிடிச்சவர் நம்ம சமூக அமைப்பை நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்தவராகத்தான் இருக்கணும்.

இந்த ஊழியர் நம்ம எழுத்துக்குள் வருவது புதுசு இல்லை. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற நினைவுக் குறிப்பில் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பதை இங்கே பலர் படித்திருப்பீர்கள். தண்ணீர் விஷயம் எல்லாருக்கும் தெரியும். குழாயை அவர் தொடக்கூடாது. வாத்தியார் சரின்னாலும் போதாது, பியூன் வந்து திறந்துவிடணும். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். அதே இடத்தில் இன்னொரு சேதி இருக்கிறது, அதை நாம் அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. அவர் உட்கார ஒரு தனிச் சாக்குத் துண்டு. பள்ளியைச் சுத்தம் செய்ய வைத்திருந்த வேலைக்காரர் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். அதனால் சாயங்காலம் அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் திரும்பக் கொண்டுவரணும்.

குழாய் திறக்கிற வேலை மட்டும் இல்லை, பெருக்குகிற வேலையும் அந்தப் பள்ளியில் 'தொடத்தக்க' சாதிக்காரர் கையில்தான் இருந்திருக்கிறது. நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன்: சர்க்கார் கொடுக்கிற மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்தால், துடைப்பம்கூடத் தீட்டு ஆகாது. தீட்டு எங்கே தொடங்குது, எங்கே முடியுதுன்னு சாஸ்திரத்தில் தேடுறதைவிடச் சம்பளப் பட்டியலில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

இன்றைக்கு வாருங்கள். பியூன் வேலைக்கு இப்ப அலுவலக உதவியாளர் என்று பெயர். காலமுறை ஊதியம், அகவிலைப்படி எல்லாம் உண்டு. எட்டாம் வகுப்பு படிச்சாப் போதும் என்கிற அந்த வேலைக்குப் பட்டம் வாங்கினவங்க வரிசையில் நிற்கிறாங்க, எல்லாச் சாதியிலும். தப்பில்லை, வேலை இல்லாத நாடு. ஆனால் அதே பள்ளியின் கக்கூசைக் கழுவுகிற வேலைக்கு அந்த வரிசை கிடையாது. ஏன்னா அந்த வேலையை வேலையாகவே வைக்கவில்லை. பல தொடக்கப் பள்ளிகளில் அதுக்கென்று நிரந்தரப் பணியிடமே இல்லை. உள்ளாட்சி மூலம், ஒப்பந்தக்காரர் மூலம், பெற்றோர் ஆசிரியர் கழகத்து உண்டியல் மூலம் என்று யாரோ ஒரு அக்கா வருகிறார். 2020இல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பலகையில் எழுத்து மாறிச்சு.

எங்க ஒன்றியத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பள்ளி பள்ளியாகப் போய் இந்த அக்காமார்களிடம் பேசினோம். பள்ளிகளின் பேர் வேண்டாம், சொன்னவங்க நாளைக்கும் அங்கேதான் வேலைக்குப் போகணும். ஒரு அக்கா சொன்னதை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

அருந்ததியர் தெருவைச் சேர்ந்தவர். ஒரு தொடக்கப் பள்ளியில் காலை ஏழரைக்கு வந்து வளாகம், வகுப்பு, கக்கூசு எல்லாம் சுத்தம் பண்ணணும். மாதம் ஆயிரம் ரூபாய். அதுவும் மாதாமாதம் வருவதில்லை, நாலு மாதம் ஐந்து மாதம் சேர்த்து வரும். கேட்டால் எச்.எம். சொல்கிறார், "எனக்கும் உன் சம்பளத்துக்கும் சம்பந்தம் இல்லம்மா, பஞ்சாயத்துல கேளு." பஞ்சாயத்தில் கேட்டால், "பள்ளிக்கூட வேலைதானே, எச்.எம்.கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா." வேலை வாங்குகிறவர் ஒருத்தர், கூலி கொடுக்கிறவர் இன்னொருத்தர், முதலாளி யாரும் இல்லை. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் எப்பவாவது வரும். கையுறை ஒருமுறை வந்ததாம், போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்களாம். ஆசிட்டை வெறும் கையால் ஊற்றி நகக்கண் எல்லாம் வெந்து கிடக்கு.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வச்சது வேற. "சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைப்பீங்க?"ன்னு கேட்டோம். அந்த அக்கா சிரிச்சிட்டுச் சொன்னார், "புங்க மரத்துக் கிளையில மாட்டிருவேன். உள்ள வச்சா ஏதாச்சும் காணாமப் போச்சுன்னா எம் பேருதான் வரும்." ஆசிரியர் அறையில் டீ வரும்போது இவருக்கும் கொடுப்பாங்க. எவர்சில்வர் டம்ளர்தான், மத்தவங்க டம்ளர் மாதிரியேதான். ஆனால் அது ஜன்னல் திட்டில் தனியா இருக்கும். யாரும் சொல்லலை, எழுதி ஒட்டலை. முதல் நாள் குடிச்சிட்டு வைக்க இடம் தேடினப்ப ஒரு டீச்சர் கண்ணால் ஜன்னலைக் காட்டினாராம். டீக்கடை இரட்டை டம்ளரை எதிர்த்து நாம போராட்டம் நடத்தியிருக்கிறோம். ஆசிரியர் அறை ஜன்னலுக்கு யார் போறது? அந்த டீச்சர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவர் என்பது கூடுதல் தகவல்.

அவர் கழுவுகிற ஆசிரியர் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி கழுவுகிற நேரத்துக்கு மட்டும் கையில் வரும். தனக்கு அவசரம்னா பிள்ளைகள் கழிப்பறை, அதில் தண்ணி நின்னுபோனா கருவேலங்காடு.

அந்த வேலைக்கு ஆளே போடாமல் விட்டால் என்ன ஆகும்? 2022 நவம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்குப் பக்கத்தில் பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரு பையன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எப்படி வந்ததுன்னு தாய் விசாரிக்கிறபோதுதான், பள்ளியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கக்கூசு கழுவச் சொல்லுவாங்க, அங்கே கொசு கடிக்கும் என்று பையன் சொல்கிறான். அவனோடு சேர்த்துக் கழுவிய பிள்ளைகள் எல்லாம் பட்டியல் சாதிப் பிள்ளைகள். தலைமையாசிரியை மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, தற்காலிகப் பணிநீக்கமும் கைதும் நடந்தது. பத்திரிகைகள் ஒரு கெட்ட ஆசிரியையின் கதையாக எழுதி முடித்தன. கைது நடந்தது சரி, நடக்கத்தான் வேணும். ஆனால் அந்தப் பிள்ளைகள் கையில் துடைப்பம் வந்தது எப்படி? ஒழுங்கான சம்பளத்தில் முழுநேரமும் ஒரு ஆள் இல்லாத இடத்தில், வகுப்பில் உட்கார்ந்திருக்கிற முப்பது நாற்பது பிள்ளைகளில் யாரைக் கூப்பிடுவது என்று அந்த அம்மா யோசித்திருக்கவே மாட்டார். கண்ணு தானாப் போகும். பணியிடத்தை அரசாங்கம் காலியாக விடும்போது அதைச் சாதி நிரப்பும். நிதி இல்லை என்று கோப்பில் எழுதுகிற அதிகாரிக்கு இது தெரியாதா?

இது ஒரு கதை, துடைப்பத்தின் கதை. இனி கரண்டிக்கு வருவோம். ரெண்டும் ஒரே காம்பவுண்டுக்குள்ளதான் நடக்குது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினபோது பள்ளிக்கூடத்துக்குள் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெரும் எண்ணிக்கையில் பெண்கள் வந்தார்கள். விதவைகள், கைவிடப்பட்டவர்கள் நிறையப் பேர். இனச்சுழற்சிப்படி நம்ம பெண்களும் வந்தார்கள். 2004 ஏப்ரலில் உணவு உரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது: மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரணும். உத்தரவைத் தாளில் படிக்க நல்லாத்தான் இருக்கு. அது அடுப்பங்கரைக்குள் வந்தபோது என்ன நடந்தது?

2018 ஜூலை. அவிநாசி ஒன்றியம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளி. அருந்ததியர் சமூகத்துச் சமையலர் ஒருவர், சத்துணவில் பல வருசம் வேலை பார்த்தவர், சொந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறார். அவர் சமைத்தால் எங்க பிள்ளை சாப்பிடாது என்று சாதி இந்துக்கள் திரண்டு வந்து பள்ளியை முற்றுகையிடுகிறார்கள். சரி, கூட்டம் கூடிச்சு, சாதிவெறி. அரசாங்கம் என்ன பண்ணியது என்று பாருங்கள். கூட்டம் போட்டவர்களை விட்டுவிட்டு, வட்டார வளர்ச்சி அலுவலர் அந்த அம்மாவுக்கு இடமாற்ற உத்தரவு போட்டார். சட்டம் ஒழுங்கு கெடக்கூடாதாம். தலித் அமைப்புகளும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் இடதுசாரித் தோழர்களும் இறங்கிப் போராடிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வழக்கும் பதிவானது. ஏழு வருசம் கழிச்சு 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. வழக்கில் இருந்த மற்றப் பலர் விடுதலை.

ஏழு வருசம் நீதிமன்றத்துக்கு நடந்த அந்த அம்மாவை நாம் வணங்கணும். ஆனால் நான் இங்கே நிறுத்திப் பேச விரும்புவது அந்த இடமாற்ற உத்தரவைப் பற்றி. கூட்டம் கத்தினதைவிட அந்த ஒரு தாள் எனக்குப் பெரிசாத் தெரியுது. கத்துகிறவன் சாதியை வாயால் சொல்கிறான். அதிகாரி 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று எழுதுகிறார். ஒருத்தர் எச்சில் துப்பின இடத்தில் இன்னொருத்தர் முத்திரை குத்துகிறார். அவிநாசி வெளியில் தெரிஞ்சது, போராட்டம் நடந்ததால். சத்தமில்லாமல் ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்கு மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கிற சமையலர் எத்தனை பேர்? அடுப்படியில் வெங்காயம் உரிக்க மட்டும் விட்டுவிட்டு, சோறு பரிமாற வேற ஆளை வைக்கிற பள்ளிகள் எத்தனை? எங்க பக்கத்து ஒன்றியத்தில் ஒரு அம்மா சொன்னார், "நான் பாத்திரம் விளக்குறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல சாமி. சோத்துக் குண்டாவுக்குள்ள கரண்டிய விட்டாத்தான் பிரச்சனை." அந்த அம்மாவின் ஆர்டரில் சமையலர் என்றுதான் இருக்கு.

அதே கை, தோழர்களே. கக்கூசைக் கழுவ வந்தால் ஊரே வரவேற்குது, ஒரு தாய்கூட வந்து எங்க பிள்ளை போற கக்கூசை இவங்க கழுவக்கூடாதுன்னு மறியல் பண்ணதில்லை. கரண்டியைப் பிடிச்சா ஊர் கூடுது.

2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவானது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும், எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியிலும் பழைய கதை. தலித் பெண் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று பிள்ளைகளை வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். கரூரில் ஆட்சியரே போய்ச் சாப்பிட்டு, வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். உசிலம்பட்டியில் கனிமொழி எம்.பி. போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். தமிழ்நாட்டில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். 2021 டிசம்பரில் உத்தரகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில் சூகிடாங் பள்ளியில் தலித் சமையலரை வேலையை விட்டே எடுத்தார்கள், எதிர்ப்பு வந்த பிறகு திரும்பச் சேர்த்தார்கள்.

ஆட்சியர் சாப்பிட்டது நல்ல காரியம்தான், நான் குறை சொல்லலை. கார் திரும்பிப் போன மறுநாள்? அந்த அம்மா மறுநாளும் அதே தெரு வழியாகத்தான் அடுப்படிக்கு நடந்து போகணும். அவரிடம் புகார் வாங்குகிற அதிகாரி யார், எத்தனை நாளைக்குள் நடவடிக்கை, இடமாற்றம் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு உண்டா? பெரிய மனுசர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் நம்ம கை சுத்தம் என்று ஆகிறதும் ஒருவகையில் எரிச்சலான விஷயம்.

இனி சங்கங்கள். சத்துணவு ஊழியர் சங்கங்கள் காலமுறை ஊதியத்துக்காகப் பல வருசமாப் போராடிக்கிட்டு இருக்கு. நியாயமான போராட்டம், நாமும் நிற்கணும். மத்திய அரசு 2009இல் மதிய உணவுச் சமையலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம் என்று வச்சது, அதுவும் வருசத்துக்குப் பத்து மாதத்துக்கு. மே மாதம் சமையலருக்கு வயிறு கிடையாது போல. தமிழ்நாட்டில் அதைவிடக் கூடுதல்தான், சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று இருக்கு. ஆனால் 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்கப் போட்ட அரசாணையைப் பாருங்கள், முதல் ஒரு வருசத்துக்குத் தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். நாளுக்கு நூறு ரூபாய் கணக்கு.

ஊதியக் கோரிக்கை பட்டியலில் முதலில் இருக்கட்டும். என் கேள்வி, பரிமாறுகிற உரிமை அந்தப் பட்டியலில் எத்தனாவது? சாதியைக் காரணமாக வைத்து மாற்றப்பட்ட சமையலருக்காகச் சங்கம் அடுப்பை அணைத்து ஒரு நாள் வேலை நிறுத்தம் செய்யுமா? கேட்டால் தலைவர்கள் சொல்வது, "சாதியைக் கொண்டு வந்தா ஒற்றுமை கெட்டுடும் தோழர்." இது ரொம்பப் பழைய பதில். பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பகுதியில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அங்கே கூலி அதிகம். காரணம் என்ன சொன்னாங்க? நாடாவில் நூல் மாட்டும்போது வாயால் உறிஞ்சி இழுக்கணும், எச்சில் படும், தீட்டாயிடும். 1928 பெரும் வேலை நிறுத்தத்தில் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் இதைத்தான் கேட்டார்: இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாகச் சேருங்கள். அவர்கள் மனசில்லாமல்தான் சேர்த்தார்கள். பத்து வருசம் கழித்து, 1938இல் மன்மாடில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு, பார்ப்பனியமும் முதலாளியமும் என்று பேசினார். அன்றைக்கு நூலில் பட்ட எச்சில், இன்றைக்குச் சோத்தில் படுகிற கை. கூலி கூடின பகுதிக்குள், மதிப்புள்ள பகுதிக்குள் நம்மை விடாமல் இருக்கத் தீட்டு ஒரு சாக்கு. இதை ஊதியப் பிரச்சனையிலிருந்து பிரிக்கவே முடியாது. சமையலர் என்று ஆர்டர் வாங்கினவர் பாத்திரம் மட்டும் விளக்கினால், அடுத்த தடவை அவர் இடத்துக்குப் பாத்திரம் விளக்குகிற சம்பளத்தில்தான் ஆள் எடுப்பான்.

நம்ம பக்கமும் ஒன்று சொல்லணும். பள்ளிக் கக்கூசு வேலையில் இருப்பவர்கள் கொங்குப் பகுதியில் பெரும்பாலும் அருந்ததியர். தலித் ஒற்றுமை என்று மேடையில் முழங்குகிறவர்களில் சிலர், துப்புரவுத் தொழிலாளர் பிரச்சனை வந்தால் அது 'அவங்க' பிரச்சனை என்று ஒதுங்குகிறதை நான் பார்க்கிறேன். 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தபோது நம் அமைப்புகளுக்குள்ளேயே என்னென்ன பேச்சு வந்தது என்று இங்கே இருக்கிற மூத்த தோழர்களுக்குத் தெரியும். பாலக்கரையில் துடைப்பம் கொடுத்தபோது எந்த உட்சாதிப் பிள்ளை என்று பிரிச்சுப் பார்த்துக் கொடுத்தார்களா?

மாணவத் தோழர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேலை கேட்டு வந்திருக்கிறேன். உங்க ஊர்ப் பள்ளிக்கு, நீங்க படிச்ச பள்ளிக்கே, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. துப்புரவுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் உண்டா, யார் வேலை பார்க்கிறார், சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது, கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தார்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு இன்னொரு மனு: கடந்த ஐந்து ஆண்டில் இடமாற்றம் செய்யப்பட்ட சத்துணவுச் சமையலர், உதவியாளர் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளைக்குள் பதில் தரணும். தரலைன்னா மேல்முறையீடு, அதுக்குக் கட்டணம் இல்லை. மனுவில் அந்த அக்கா பேரை எழுதாதீங்க, முதல் நடவடிக்கை அவர் மேல்தான் பாயும். பணியிடத்தைப் பத்திக் கேளுங்க, ஆளைப் பத்திக் கேட்காதீங்க.

மனுவின் மாதிரி இருநூறு நகல் எடுத்து வந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கு. பதில் வந்ததும் இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், ஒன்றியவாரியாகத் தொகுக்க ரெண்டு தோழர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம், சமையலர் தோழர்கள் மூணு பேர் வந்திருக்காங்க, முதலில் அவங்க பேசட்டும்.